வேலையிழந்த ஊசி

மனிதருக்கு வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. கருவிக்கு வேலை போனால் என்ன நேரும்? பெரும்பாலும் ஒன்றும் நேராது. அது பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்து துருப்பிடிக்கும். ஆயினும், வேலையிழந்த கருவிக்கு வேறொரு வேலை கொடுத்தால் அது மனிதரின் பொருளையும், சில வேளை உயிரையும் காக்கும் என்பதை நாம் இருமுறை கண்டிருக்கின்றோம். முதன்முறை கண்டபோது நாம் பள்ளி மாணவன். இரண்டாம் முறை கண்டபோது பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்ல வேண்டுமென்பது எமது நெடுநாள் ஆசை.

கோப்பாயிலே, பருத்தித்துறை வீதியை அண்டிய ஒழுங்கையொன்றில், எமது பழைய மாணவர் ஒருவர் மோட்டார் வண்டி திருத்தும் கராஜ் நடத்தி வருகின்றார். ஒரு பக்கம் செம்மண் தோட்டம், மறுபக்கம் வாழைக்கூட்டம், நடுவிலே தகரக் கொட்டகை. கல்லூரி முடிந்து வீடு திரும்பும் வழியில் அங்கே சைக்கிளை நிறுத்திச் சற்றுப் பேசிவிட்டுப் போவது எமது வழக்கம். அவ்வாறு சென்ற ஒரு மாலையிலே, வாடகைக்கு ஓடும் ஜப்பானிய டீசல் வான் ஒன்று முகப்புப் பலகை கழற்றப்பட்ட நிலையில் நின்றது.

அவ்வண்டி பிறந்தபோது தானாகக் கியர் மாற்றும் பெட்டியோடு பிறந்தது. அப்பெட்டி எரிந்து பழுதாகிவிட்டது. புதிது வாங்க உரிமையாளரிடம் வசதியில்லை. ஆகவே, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளை அலசி, கையால் மாற்றும் கியர்பெட்டி ஒன்றை வருவித்துப் பூட்டியிருந்தார்கள். கிளச்சு மிதி புதிதாக வந்தது. கியர் தடி புதிதாக வந்தது. ஆனால் முகப்புப் பலகையிலே ஒரு மானி மட்டும் வேலையற்று நின்றது. பழைய பெட்டியின் எண்ணெய் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று காட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட மானி அது.

“சேர், இதைக் கழற்றி எறிஞ்சுபோட்டு ஓட்டையை மூடிவிடட்டோ? அல்லாட்டி இதாலை வேறை ஏதும் செய்யலாமோ?” என்று மாணவர் கேட்டார்.

இந்த வினாவுக்கு விடை சொல்லுமுன், அம்மானி ஏன் அங்கே இருந்தது என்பதை வாசகர் அறிதல் வேண்டும். தானியங்கிக் கியர்பெட்டியிலே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் எண்ணெயே தூது செல்கின்றது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்று மற்றதையும் சுழற்றுமன்றோ? அங்கே காற்று செய்வதை இங்கே எண்ணெய் செய்கின்றது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரமற்றிக் என்ற பெயரோடு இத்தகைய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் காற்றிலே சுழலும் இரண்டாம் விசிறி முதலாவதினும் சற்றுப் பிந்தியே சுழல்வதுபோல, எண்ணெயிலும் ஒரு நழுவல் உண்டு. நழுவும் இடத்தில் சக்தி வெப்பமாக மாறுகின்றது. அவ்வெண்ணெய் ஏறக்குறைய 80 முதல் 95 பாகை செல்சியசு வரை இருந்தால் நலம். 120 பாகையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் எண்ணெய் கெடும், பின்னர் பெட்டியும் கெடும். பாரமிழுக்கும் வண்டிகள் சிலவற்றில் இதற்கெனத் தனி மானி வைப்பதன் காரணம் இதுவே.

கையால் மாற்றும் பெட்டியிலோ பல்லும் பல்லும் நேரே கவ்வுகின்றன. நழுவல் என்பது கிளச்சை மிதித்து விடும் சில கணங்களோடு சரி. ஆகவே அங்கே இம்மானிக்கு வேலையில்லை. வேலையில்லாத ஊசி எப்போதும் ‘குளிர்’ என்ற கோட்டிலே படுத்துக் கிடக்கும்.

மாணவர் கேட்ட கேள்வி எம்மைச் சற்றுப் பின்னோக்கி அழைத்துச் சென்றது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் வருவது தடைப்பட்டது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அந்த ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இளையோருக்காகச் சொல்கின்றோம். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் இட்டுச் செய்த விளக்கொளியிலே நாம் பாடம் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். தெருவிலே ஓடிய பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இங்கிலாந்திலே 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மொறிஸ் மைனரை ஆக்கிய அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர், தமது கார் இவ்வாறு மண்ணெண்ணெய் குடிக்கும் என்று கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

மண்ணெண்ணெயில் பெற்றோல் கார் ஓடுவது எப்படி? பெற்றோல், பனிக்கட்டியினும் மிகக் குளிர்ந்த நிலையிலே கூட ஆவியாகித் தீப்பற்ற வல்லது. மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 38 பாகைக்கு மேல் சூடேறினாலன்றிப் பற்றத்தக்க ஆவியைத் தருவதில்லை. எனவே குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெயை விட்டால் அது ஆவியாகாது துளியாகவே உள்ளே சென்று, உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு அடியிலே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். முதலிற் பெற்றோலில் ஓட்டி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். இஃது எம்மவர் புதிதாகக் கண்ட சூத்திரமன்று. 1949ஆம் ஆண்டிலே பெர்கூசன் உழவு இயந்திரத்தில் இத்தகைய எண்ணெயால் ஓடும் வகையொன்று வந்தது. அதை ஓட்டிய ஆங்கில உழவனும் பெற்றோலில் தொடங்கி, சூடு கண்ட பின்னரே குழாயைத் திருப்பினான்.

சூடு கண்டதை எப்படி அறிவது? எமது மாமாவிடம் பழைய ஒஸ்ரின் ஒன்று இருந்தது. அதன் முகப்பிலே நீர் வெப்பமானி உண்டு. நீர் கொதித்துவிடாமல் எச்சரிப்பதற்காகவே அது பூட்டப்பட்டது. மேற்கோட்டை ஊசி தொடாமற் பார்த்துக்கொள்வதுதான் சாரதியின் கடமை. கீழே அது எங்கே நின்றாலும் எவருக்கும் கவலையில்லை. மாமாவோ கீழ்ப்பகுதியைத்தான் கவனித்தார். பல நாள் சோதித்து, எந்த இடத்துக்கு ஊசி வந்தால் எஞ்சின் இருமாமல் மண்ணெண்ணெயை ஏற்கும் என்று கண்டு, மானியின் கண்ணாடிமேல் மாமியின் கியூட்டெக்ஸால் ஒரு சிவப்புப் புள்ளி இட்டார். “ஊசி புள்ளிக்கு வரட்டும் தம்பி, அவசரப்படாதை” என்பார். எரிந்துபோகாமற் காக்க வந்த மானி, எரிபொருளை மிச்சம் பிடிக்கும் மானியாயிற்று.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டது. செம்மணி வழியாக ஒரு வெள்ளம். கோப்பாய்–கைதடி வீதியால் இன்னொரு வெள்ளம். மாமாவின் காரிலே பாயிற் படுத்த படுக்கையாயிருந்த எமது ஆச்சி, காலடியில் மூட்டைகள், வெளியே மழை. காற்போத்தலுக்கும் குறைவான பெற்றோலே எஞ்சியிருந்தது. அது இரண்டு முறை குளிர்ந்த எஞ்சினை எழுப்பப் போதும். மூன்றாம் முறைக்குப் போதாது.

சன வெள்ளத்திலே கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஓட்டமில்லாத காருக்குள் காற்றுப் புகாது, றேடியேற்றர் சூடாறாது. ஊசி மேலே மேலே ஏறிற்று. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினால் அது ஆறும். ஆனால் அளவு மீறி ஆறிப் புள்ளிக்குக் கீழே இறங்கிவிட்டால், திரும்ப எழுப்ப அந்தப் பெற்றோலைச் செலவிட வேண்டும். நிறுத்தாமலும் இருக்க முடியாது. நெடுநேரம் நிறுத்தி வைக்கவும் முடியாது.

மாமா செய்தது இது: ஊசி மேற்கோட்டை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்துவார். நாமும் வீதியில் வந்த முன்பின் அறியாத இருவரும் காரைத் தள்ளுவோம். ஊசி மெல்ல இறங்கிச் சிவப்புப் புள்ளிக்குச் சற்று மேலே வரும்போது, “இப்ப!” என்பார். முன்புறத்துக் கைதண்டைச் சுழற்றுவோம். சூடாறாத எஞ்சின் மண்ணெண்ணெயிலேயே எழுந்துவிடும். அந்த இரவில் எத்தனை முறை அவ்வாறு செய்தோமென்று கணக்கில்லை. கைதடியைக் கடந்தபோது விடிந்துவிட்டது. போத்தலில் இருந்த பெற்றோல் தொடப்படவேயில்லை. மறுநாள் ஆச்சிக்கு மூச்சுத் திணறி, மருத்துவமனைக்குக் கொண்டோட நேர்ந்தபோது, குளிர்ந்து கிடந்த காரை அந்தப் பெற்றோல்தான் எழுப்பிற்று. ஆச்சி அதன்பின் ஆறு ஆண்டு எம்மோடிருந்தார்.

அன்று நாம் கவனியாத ஒன்றைப் பின்னர் பௌதிகம் படித்தபோது உணர்ந்தோம். அந்தப் பழைய மானி மின்சாரத்தால் இயங்குவதன்று. எஞ்சினிலே ஒரு சிறு குமிழ். அதனுள்ளே எளிதில் ஆவியாகும் திரவம். அதிலிருந்து மயிர்போன்ற செப்புக்குழாய் முகப்புவரை வரும். சூடேற ஆவியமுக்கம் ஏறும். அமுக்கம் ஏற, முகப்பிலுள்ள வளைந்த குழாய் நிமிர முயலும். அதனால் ஊசி நகரும். வளைகுழாயால் அமுக்கம் அளக்கும் இம்முறைக்குப் பிரான்சு நாட்டு இயூஜீன் போர்டன் என்பவர் 1849இல் காப்புரிமை பெற்றார். சாவியை மூடி எஞ்சினை நிறுத்திய பின்னும், பற்றறியிலிருந்து துளி மின்சாரமும் கேளாது, அந்த ஊசி எமக்கு உண்மை சொல்லிக்கொண்டேயிருந்தது. மின்மானியாயின் அந்த இரவில் அது குருடாகவே இருந்திருக்கும்.

இந்த நினைவோடுதான் மாணவருக்கு விடை சொன்னோம்: “எறியாதேயும். முதலில் அது என்ன மொழி பேசுகிறதென்று பார்ப்போம்.”

இக்கால மானி பேசுவது வேறு மொழி. அதன் உணரியிலே தேர்மிஸ்டர் என்னும் ஒரு சிறு மணி உண்டு. சூடேற ஏற அதன் மின்தடை குறையும். அறை வெப்பநிலையில் ஆயிரக்கணக்கான ஓமாக இருப்பது, கொதிநீரிலே சில நூறு ஓமாக இறங்குவது வழக்கம். தடை குறைய மின்னோட்டம் கூடும், ஊசி எழும். ஆகவே மாணவர் மனத்திற் கொள்ள வேண்டியது யாதெனில், ஊசி அறிவது வெப்பத்தையன்று, தடையையே. வேறொரு வண்டியின் உணரியை இதிற் கோத்தால், ஊசி கூசாமல் ஆடும். ஆனால் சொல்வதெல்லாம் பொய்யாயிருக்கும். மானியும் அதன் உணரியும் கணவன் மனைவிபோல, பிரிக்கலாகாது. நல்வேளையாக, பழைய கியர்பெட்டி கராஜின் மூலையிலேயே கிடந்தது. அதன் உணரியைக் கழற்றி எடுத்தோம்.

பின்னர் உயர்தர வகுப்பு மாணவர் நால்வரையும் அழைத்துக்கொண்டு அளவுகோடிட்டோம். ஒரு பாத்திர நீரில் உணரியையும் ஆய்வுகூட வெப்பமானியையும் தொங்கவிட்டு, அடுப்பை மெல்ல எரித்து, பத்துப் பாகைக்கொரு முறை தடையையும் ஊசி நின்ற இடத்தையும் குறித்தோம். நீர் 100 பாகையோடு நின்றுவிடும், அதற்குமேல் ஏறாது. ஆகவே மேற்பகுதிக்குத் தேங்காயெண்ணெயைப் பயன்படுத்தி 130 பாகை வரை சென்றோம். சூடான எண்ணெயிலே ஒரு துளி நீர் விழுந்தாலும் அது சீறித் தெறிக்கும். உணரியை நன்கு துடைத்து உலர்த்திய பின்னரே எண்ணெயில் இறக்கினோம். வாளியில் மணலும் அருகில் இருந்தது. வீட்டிலே சிறுவர் தனியே இதைச் செய்தலாகாது.

குறித்தவற்றைக் கோட்டுப்படமாக வரைந்தபோது மாணவர் ஒருவர் வியப்போடு கேட்டார்: “சேர், 75இலையும் 95இலையும் ஊசி ஏன் ஏறக்குறைய ஒரே இடத்திலை நிக்குது?” நல்ல கேள்வி. இக்காலத்து வண்டிமானிகள் பலவற்றை அவ்வாறே செய்கின்றார்கள். ஊசி சற்று அசைந்தாலும் சாரதி அஞ்சி, பழுதில்லாத வண்டியைத் திருத்தக் கொண்டுவருவான் என்பதற்காக, நடுப்பகுதியைத் தட்டையாக்கிவிடுகின்றார்கள். சாரதியின் மனவமைதிக்காக உண்மையைச் சற்று மழுப்பும் கருவி அது. அதன் இயல்பை அறிந்தவனை அது ஏமாற்றாது.

இனி, எதை அளக்க வைப்பது? எஞ்சின் எண்ணெயின் சூட்டையா என்று மாணவர் கேட்டார். அதுவும் தகும். ஆனால் நாம் வேறொன்றைச் சொன்னோம். வண்டியிலே ஏற்கெனவே நீர் வெப்பமானி உண்டு. அதன் உணரி நீரில் அமிழ்ந்திருக்கும்வரையில் உண்மை சொல்லும். குழாய் வெடித்து நீர் முழுவதும் கொட்டிவிட்டால் என்னாகும்? உணரி நீரின்றி வெறும் வெளியில் தொங்கும். எஞ்சினின் உலோகம் கனன்றுகொண்டிருக்க, மானியின் ஊசியோ இறங்கும். ‘அப்பாடா, சூடு தணிந்தது’ என்று சாரதி நிம்மதியோடு மிதிப்பான். சில நிமிடங்களில் சிலிண்டர் தலை வளைந்துவிடும், அல்லது வெடித்துவிடும். வாடகை வானைக் கொண்டு பிழைக்கும் குடும்பமொன்றுக்கு அந்தச் செலவு பல மாத உழைப்பு.

ஆகவே வேலையிழந்த ஊசியை உலோகத்துக்கே காவல் வைத்தோம். கடைசல் பட்டறையில் சிறு பித்தளைத் துண்டொன்றைக் கடைவித்து, அதிலே உணரிக்குரிய மரையை வெட்டுவித்து, சிலிண்டர் தலையிலே வேலையின்றி இருந்த ஒரு மரைத்துளையில் இறுகப் பூட்டினோம். பித்தளை வெப்பத்தை நன்கு கடத்தும். உணரியின் உடல் வண்டியின் உடலோடு மின்தொடர்பு கொள்ளவும் அதுவே வழி. மரைக்கு நாடா சுற்றினால் அத்தொடர்பு கெடும் என்பதால் சுற்றவில்லை. நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோகத்தின் சூட்டை இவ்வூசி சொல்லும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கணினி வழியாகச் செய்தி பெறும் புதிய வண்டிகளில் இவ்வாறு ஒரு கம்பியை மாற்றிக் கோத்துவிட முடியாது. அங்கே மானி உணரியோடு நேரே பேசுவதில்லை. மற்றது, தானியங்கிப் பெட்டியுள்ள வண்டி கியரில் இருக்கும்போது எஞ்சினை எழுப்ப விடாத ஆளியொன்று அதிலே உண்டு. பெட்டியை மாற்றுவோர் அந்தக் கம்பிகளை வெறுமனே முடிந்துவிடுகின்றார்கள். அப்பொழுது கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியவுடன் முன்னே பாயும். முன்னே பிள்ளை நின்றால் என்னாகும்? கிளச்சு மிதியிலே ஆளியொன்றைப் பூட்டி, மிதித்தாலன்றி எழும்பாதவாறு செய்தல் வேண்டும். எமது மாணவர் அவ்வாறே செய்தார்.

எல்லாம் முடிந்தபின் நாம் ஒன்றை வற்புறுத்தினோம். மானியின் முகத்தில் இன்னும் பழைய பெட்டியின் எண்ணெய்க்குறியே இருந்தது. “சாரதிக்குத் தெரியுந்தானே சேர்” என்றார் மாணவர். இன்றைய சாரதிக்குத் தெரியும். நாளை வண்டி கைமாறினால் வருபவனுக்குத் தெரியுமோ? புதிய வேலை பெற்றவனுக்குப் பழைய பதவிப்பெயரை விட்டுவைத்தல் பிறரை ஏமாற்றுவதாகும். குறியைச் சுரண்டிவிட்டு, ‘எஞ்சின் தலை’ என்று சிறு எழுத்தில் ஒட்டுவித்தோம்.

நான்கு மாதம் சென்றது. ஒரு நண்பகல் மாணவரின் தொலைபேசி வந்தது. வான் வவுனியாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஆனையிறவுக்கு இப்பால் றேடியேற்றர்க் குழாய் வெடித்துவிட்டதாம். சாரதி சொன்னதை மாணவர் அப்படியே சொன்னார்: “பழைய ஊசி இறங்கிச்சுது, புதுசு ஏறிச்சுது. நான் புதுசை நம்பி ஓரங்கட்டீட்டன்.” குழாயை மாற்றி, ஆறவிட்டு, நீர் நிரப்பி, அன்று மாலையே வண்டி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. எஞ்சினுக்குப் பழுதில்லை.

கல்வியின் பயன் யாது என்று மாணவர் எம்மை அடிக்கடி கேட்பதுண்டு. இரண்டு மானிகள் இரண்டு விதமாகச் சொல்லும்போது எதனை நம்புவது என்று அறிவதே அதன் பெரும் பயன் என்போம். அதற்கு ஊசியைப் பார்த்தால் மட்டும் போதாது. ஊசிக்குப் பின்னே என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். மாமா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் அது அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்ற வாரம் கராஜுக்குப் போனபோது அந்த வான் வந்து நின்றது. மானியின் கண்ணாடியை எட்டிப் பார்த்தோம். அளவு மீறும் இடத்திலே சிவப்புப் புள்ளியொன்று இருந்தது. சாரதி சற்று வெட்கத்தோடு சிரித்தார்: “மனிசியின்ரை கியூட்டெக்ஸ் சேர்.”

மாமாவின் கதையை நாம் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.